இரண்டு விளக்கும் எரியும்வரை

மார்ச் 4

அன்புள்ள துரைக்கு,

ஒருவன் பிடிபட்டிருக்கிறான். சைபர் கிரைம் பிரிவின் இன்ஸ்பெக்டர் அம்மா நேற்று மதியம் தன் மேஜைக்கு எதிரே என்னை உட்காரவைத்து நேரில் சொன்னது. என் பணம் போய்ச் சேர்ந்த முதல் கணக்கு அவன் பெயரில் இருந்தது. போனில் என்னை மிரட்டிய 'அதிகாரி'யும் அவனேதானா என்பது இன்னும் உறுதியாகவில்லை. நான் குரலைக் கேட்டுச் சொல்ல வேண்டும். பிறகு நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

நலமா என்று கேட்பதற்கு முன்னால் செய்தியைக் கொட்டிவிட்டாளே என்று நினைக்காதே. உன் அப்பா பத்திரிகை ஆபீசிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பழக்கம் இது. தெரிந்ததை முதலில் சொல், யார் சொன்னது என்று சொல், குசலம் பிறகு. அவர் போனாலும் பழக்கம் போகவில்லை. நீயும் மருமகளும் நலம்தானே?

என் போன் பரிசோதனைக்காகப் போலீசில் இருக்கிறது. அதனால்தான் கடிதம். நீ மேல்வீட்டுத் தையல்காரியின் நம்பருக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறாய். அவள் பாதித் தையலை விட்டுவிட்டுப் படியிறங்கி வருகிறாள். நாம் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, காது கேட்காதவள் மாதிரி சுவரைப் பார்க்கிறாள். இனிமேல் வேண்டாம். எழுது.

நீ அனுப்பிய புதுப் போன் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. சூடு கண்ட பூனை என்று சிரிக்காதே. இந்தப் பூனை மறுபடியும் அடுப்பங்கரைக்குப் போகும். எப்போது போவது என்பதைப் பூனை முடிவு செய்யும்.

நடந்ததை நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாய். வரிசையாகச் சொல்கிறேன். காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. என் பெயரில் வந்த பார்சலில் தடை செய்த பொருள் இருக்கிறதாம். "மேலதிகாரிக்கு இணைக்கிறேன்மா" என்றான். இணைக்கிறேன் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது, பார். மேலதிகாரி வீடியோவில் வந்தான். தோளில் பட்டை, பின்னால் அலமாரி நிறையக் கோப்புகள். அடிக்கடி தொண்டையைச் செருமிக்கொண்டான். "விசாரணை முடியற வரைக்கும் நீங்க வீட்டுக் காவல்ல இருக்கீங்க. லைன கட் பண்ணக் கூடாது. யார்கிட்டயும் பேசக் கூடாது."

நான் கட் பண்ணவில்லை. அன்று முழுவதும் பண்ணவில்லை. எப்படி அவ்வளவு நேரம் இருந்தாய் என்று கேட்காதவர்கள் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்கள் மட்டும் கேட்கவில்லை. எங்கள் போர்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு விளக்கு. பேசுகிறவர் போனை வைத்தால் அவர் பக்கத்து விளக்கு எரியும். இரண்டும் எரிந்த பிறகுதான் வயரை உருவலாம். ஒன்று எரியாமல் இருந்தால், அங்கே யாரோ இன்னும் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அர்த்தம். யாரையும் பாதியில் வெட்டாதவள் என்று பெயர் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். அந்தத் திருடனையும் வெட்டவில்லை. என் வீட்டுச் சமையலறையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க அவனிடம் அனுமதி கேட்டேன், துரை. அவன் கொடுத்தான்.

அவன் சொன்ன செயலியைப் போனில் ஏற்றினேன். அதற்குப் பிறகு போன் என் கையில் இருந்ததே தவிர என்னுடையதாக இல்லை. சேமிப்பு போனது. அதோடு விட்டானா? என் நம்பரிலிருந்தே எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பேச முடியாது, அவசரமாக உதவுங்கள் என்று. ட்ரங்க் அக்கா பணம் அனுப்பினாள். எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து நாற்காலி, வெளியூர் ட்ரங்க் கால் பிரிவு, உனக்குத்தான் தெரியுமே. தெருமுனை மருந்துக்கடைக்காரரும் அனுப்பினார். என் பணம் போனதை நான் ஆற்றிக்கொள்வேன். என் பேரைச் சொல்லி அவர்களிடம் கை நீட்டியதை ஆற்றிக்கொள்ள மாட்டேன்.

அதனால் வெட்கப்பட்டு மூலையில் உட்காரப் போவதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததை நடந்தபடியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். திருடியவன் தலை குனியட்டும்.

முழங்கால் வலிக்கு மருந்து தடவுகிறாயா? மருமகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா

*

மார்ச் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

துரை எழுதிக்கொண்டது. பேனா பிடித்து எத்தனையோ வருடம் ஆகிறது. எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் மன்னித்துக்கொள். ஹோட்டல் மேனேஜர் வேலையில் கையெழுத்தைத் தவிர வேறு எதையும் கையால் எழுதுவதில்லை. ரிசப்ஷன் பெண் நான் கடிதம் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "சார், ராஜினாமாவா?" என்று கேட்டாள்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டேன் என்ற வரிக்கு மேல் முதல் தடவை போக முடியவில்லை. எழுந்து லாபியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

ஆனால் அம்மா, வழக்கு எதற்கு? போனது போகட்டும். உனக்கு வேண்டியதை நான் அனுப்புகிறேன். கோர்ட்டில் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நின்று 'நான் ஏமாந்துவிட்டேன்' என்று நீ சொல்ல வேண்டுமா? இப்போதே மாமனார் போனில், "உங்க அம்மா நல்லா விவரமானவங்கன்னுல்ல சொல்லுவீங்க" என்று இழுக்கிறார். என் வேலையில் முதலில் கற்றுக்கொண்டது இதுதான்: புகார் வந்தால் சத்தத்தை அடக்கு. பக்கத்து மேஜைக்குக் கேட்கக் கூடாது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அதைத்தான் செய்திருக்கிறேன். உன்னை யாரும் தப்பாக நினைக்காதபடி எல்லாரிடமும் பக்குவமாகப் பேசிவிட்டேன். ட்ரங்க் பெரியம்மாவுக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் அவர்கள் அனுப்பியதைத் திருப்பிவிட்டேன். இனி உன்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பாங்குக்கும் ஒரு மெயில் போட்டிருக்கிறேன், இனிமேல் எதுவானாலும் என்னைக் கேட்டுத்தான் செய்வார்கள். நீ நிம்மதியாக இரு.

வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடேன். பின்பக்க அறை சும்மாதான் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பூங்கா. உனக்கு ஒரு வேலையும் இருக்காது.

உன்,
துரை

*

மார்ச் 24

அன்புள்ள துரைக்கு,

என் கணக்கிலிருந்து என் கையெழுத்துக்குப் பணம் தர மாட்டார்கள். நேற்று காலை பாங்கின் கிளை மேலாளர் சொன்னது. உன் மெயிலை அவர் தன் கணினியைத் திருப்பி எனக்குக் காட்டினார். நானே படித்தேன். 'அம்மாவுக்குக் கொஞ்ச காலமாக ஞாபக மறதி அதிகமாகிவிட்டது. பண விஷயத்தில் அவர் எது சொன்னாலும் என்னிடம் உறுதி செய்துகொள்ளவும்.'

படித்ததும் பத்து நாளாகப் புரியாமல் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையில் 'காலை' 'இரவு' என்று குண்டு குண்டாக எழுதி, குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தையல்காரி ஏதோ சாக்கு வைத்து வந்து அடுப்பை அணைத்திருக்கிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நேற்று சாயங்காலம் ட்ரங்க் அக்காவும் பழம் வாங்கிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள்.

"ஏன்டி, என்னை ஞாபகம் இருக்கா?"

"என்கிட்ட வாங்கிட்டுப் போன குடை ஞாபகம் இருக்கு. எப்ப தரப் போறீங்க?"

எப்போதும் இதற்கு அவள் ஒரு பதில் வைத்திருப்பாள். நேற்று அதை விட்டுவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, எனக்கு மறதி என்று நீ அவளிடம் சொன்னதைச் சொன்னாள். "அப்ப உனக்கு ஒண்ணும் இல்லியா? பின்ன எதுக்குடி அவன் அப்படிச் சொன்னான்?" என்று கேட்டாள். பழத்தை நறுக்கிக் கொடுத்தேன்.

உன் ஹோட்டலில் லிஃப்ட் பழுதானால் கதவில் ஒரு அட்டை மாட்டுவீர்களே, 'பழுது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று. அதை எடுத்துவந்து என் கழுத்தில் மாட்டிவிட்டாய். லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, துரை. அட்டையைப் பார்த்துவிட்டு ஒருவரும் ஏற மாட்டேன் என்கிறார்கள்.

நீ பணத்தைத் திருப்பிக் கொடுத்ததில் எனக்குக் குறை இல்லை. அதை நான் உனக்குத் தர வேண்டியதாக வைத்துக்கொள்கிறேன். ஆனால் இது வீட்டோடு முடிகிற விஷயமாக இல்லை. போன வாரம் இன்ஸ்பெக்டர் அம்மா பல குரல்களைப் பதிவுசெய்து எனக்குப் போட்டுக்காட்டினார். அதில் ஒன்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமியது. அதை விடு, செருமலை யாரும் செய்யலாம். 'காவல்' என்று சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் மேலே ஏறும். அன்று முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இவன்தான் என்றேன். பிடிபட்டவனின் குரல் அது என்று பிறகு சொன்னார்.

இன்று மறுபடியும் கூப்பிட்டிருந்தார். பாங்கிலிருந்து வாங்கிய கோப்போடு உன் மெயிலும் வந்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் ஒரு நகல் போகும். "என்னம்மா இது?" என்றார். வழக்கில் அந்தக் குரலை அடையாளம் காட்டியது நான் ஒருத்திதான். குரலை ஞாபகம் வைத்துச் சொன்ன சாட்சிக்கு மறதி என்று அவள் பெற்ற மகனே எழுதிக் கொடுத்திருக்கிறான். வேறென்ன வேண்டும் அவர்களுக்கு?

ஆகவே ஒன்றே ஒன்று செய். நீ எழுதியது உண்மையல்ல, நான் தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று பாங்குக்கும் போலீசுக்கும் எழுது. மாமனாருக்கு நீ என்ன சொல்கிறாய் என்பது உன் பாடு.

பூங்கா தெரிகிற அறைக்கு நன்றி. இங்கே ஜன்னலைத் திறந்தால் லாரி பழுதுபார்க்கிற பட்டறை தெரிகிறது. எனக்கு அது போதும்.

அம்மா

*

ஏப்ரல் 3

அன்புள்ள அம்மா,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

உனக்குக் கெட்ட பேர் வரக் கூடாது என்றுதான் சொன்னேன். மறதி என்றால் ஐயோ பாவம் என்பார்கள். ஏமாந்தாள் என்றால் சிரிப்பார்கள். உன்னைப் பார்த்து யாரும் சிரிப்பதை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டில் பரிதாபம் பரவாயில்லை என்று தோன்றியது. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஆனால் இப்போது நான் என்ன எழுதுவது? பொய் சொன்னேன் என்று போலீசுக்கு என் கைப்பட எழுதித் தர வேண்டும் என்கிறாய். நான் ஒரு ஹோட்டலை நடத்துகிறவன். நாளைக்கு இது எங்கே எப்படி வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? வழக்கை விட்டுவிட்டால் அந்த மெயிலை ஒருவரும் திறந்து பார்க்கப் போவதில்லை. உன் கணக்கை நான் சரி செய்துவிடுகிறேன். அந்தப் பையன் உள்ளே போவதால் உனக்கு என்ன திரும்பி வரப் போகிறது?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு ஒரு நாள் முழுக்க அவனோடு லைனில் இருந்தாய். இடையில் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்குத் தோன்றவில்லையா? முன்பின் தெரியாத ஒருவன் யாரிடமும் பேசாதே என்றால், அந்த யாரிலும் நானும் சேர்த்தியா?

அந்தப் புதுப் போனைப் பிரித்து எடு. பேசினால் தீர்ந்துவிடும்.

துரை

*

ஏப்ரல் 13

அன்புள்ள துரைக்கு,

என் கணக்கு மறுபடியும் என் கையெழுத்துக்கு வந்துவிட்டது. நேற்று கிளை மேலாளர் எழுத்தில் கொடுத்துவிட்டார். நரம்பியல் டாக்டரின் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதன் பேரில். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார், சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார், படங்களைக் காட்டி என்ன என்று கேட்டார். கடைசியில், "வயசுக்கு நல்லாவே இருக்கும்மா" என்றார். வயசை எடுத்துட்டு எழுதுங்க என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார்.

இன்னும் இரண்டு செய்தி. எக்ஸ்சேஞ்ச் ஓய்வூதியர் கூட்டத்தில் மைக்கைக் கேட்டு வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டதையும் சொன்னேன். நீ பயந்தது போல யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இருந்த லைன்மேன் ஒருவர் எழுந்து, தனக்கும் இப்படி நடந்தது, வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றார். அவர் மனைவி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். "வாங்க வீட்டுக்கு" என்றாள். மறுநாள் இருவரும் சேர்ந்து புகார் கொடுக்கப் போனார்கள்.

அடுத்தது, போனைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். அதில் வந்த மூன்றாவது அழைப்பு என்ன தெரியுமா? என் பெயரில் ஒரு பார்சலாம். குரல் வேறு, பாட்டு அதே பாட்டு. அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன். என் ஆயுளில் எதிர்முனையில் ஆள் இருக்கும்போது நான் வெட்டிய முதல் இணைப்பு அது. இன்னும் காதில் வைத்துக்கொண்டு நிற்பானோ என்று ஒரு கணம் தோன்றியது. நிற்கட்டும்.

இப்போது உன் கேள்வி. அன்று நீ எனக்குத் தோன்றவில்லையா என்று கேட்டாய். தோன்றினாய். முதலில் தோன்றியது நீதான். உன் நம்பர் வரைக்கும் கை போனது. நான் அழைத்தால் நீ என்ன சொல்வாய் என்றும் கூடவே தோன்றியது. "அப்புறம் கூப்பிடறேன்மா." நான் 'ம்' சொல்லி முடிப்பதற்குள் உன் பக்கத்து விளக்கு எரிந்துவிடும். வேலை செய்கிற பிள்ளை, குறையாகச் சொல்லவில்லை. அந்தத் திருடன் மட்டும் என்னை வைக்கச் சொல்லவே இல்லை. அன்று முழுவதும் நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். இதை நான் போலீசில் சொல்லவில்லை. உனக்குத்தான் சொல்கிறேன்.

பேசினால் தீர்ந்துவிடும் என்கிறாய். இது பேசித் தீர்க்கிற விஷயமில்லை. எழுதியதை எழுதித்தான் அழிக்க வேண்டும். வழக்கை நான் விடப் போவதில்லை. அவன் உள்ளே போவதால் எனக்கு என்ன திரும்பி வரும் என்று கேட்டாயே. அவன் என் பேரில் ட்ரங்க் அக்காவிடம் கை நீட்டினான். நீ என் பேருக்குப் பக்கத்தில் மறதி என்று எழுதினாய். அந்தப் பேர் எனக்குத் திரும்பி வர வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அரசு வக்கீல் நேற்று என்னைத் தயார் செய்தார். டாக்டர் சான்றிதழ் இருந்தாலும் ஒரு கேள்வி வரும் என்றார். "உங்க பையன் ஏம்மா அப்படி எழுதினார்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?" யோசித்துப் பார்த்தேன். அதற்கு இரண்டே பதில்தான் உண்டு. ஒன்று, எனக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும். இல்லையென்றால் நீ பொய் எழுதியிருக்க வேண்டும். எனக்குப் புத்தி பிசகவில்லை.

கேட்டால் சொல்லிவிடுவேன், துரை. கூண்டில் நின்று, எல்லார் முன்னிலையிலும், என் மகன் எழுதியது பொய் என்று சொல்வேன். சொல்லாமல் இறங்க மாட்டேன். ஆனால் அதை நான் சொல்வதற்கு முன்னால் நீயே சொல்லிவிட்டால், அந்தக் கேள்வி கேட்கிறவர் வாயிலேயே செத்துப்போகும். உன்னைக் காட்டிக்கொடுத்தவளாக நான் வீடு திரும்ப வேண்டியிருக்காது. அவ்வளவுதான் உன்னிடம் கேட்பது.

சாட்சி விசாரணை ஏப்ரல் 29, காலை பத்தரை மணி, இரண்டாவது மாடி நீதிமன்ற அறை. ட்ரங்க் அக்கா கூட வருகிறாள். குடையையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள், பார்ப்போம். இந்தக் கடிதம் உன் கைக்கு வர எட்டு ஒன்பது நாள் ஆகும். நீ தபாலில் அனுப்பினால் அதற்குள் எனக்கு வந்து சேராது, இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கே மெயில் அனுப்பு. முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். 28 மாலை வரைக்கும் வருவதைக் கோப்பில் சேர்ப்பார்கள்.

புதுப் போனில் உன் அழைப்பு நான்கு முறை வந்து நின்றதைப் பார்த்தேன். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ அழுவாய், நான் சரி விடு என்று சொல்லிவிடுவேன். 29ஆம் தேதி சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன், நீ எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும். திருடனை வெட்டக் கற்றுக்கொண்டேன், உன்னை அல்ல. என் பக்கத்து விளக்கு எரியவில்லை. உன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா